கூலி மரக்காலும் விளக்கச் சீட்டும்: அருங்காட்சியகம் மக்களிடம் வருவது குறித்து

1

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சின்ன அருங்காட்சியகம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் என்பது போகப்போகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் மே 18 அன்று, உலக அருங்காட்சியக தினத்தை ஒட்டி, அங்கே ஒரு விழா எடுத்தார்கள். வாசலில் வாழைமரம், பானையில் மோர், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, பிற்பகலில் 'நமது பாரம்பரியம்' என்று ஒரு சொற்பொழிவு. சொற்பொழிவாற்றப் போனவன் நான்தான். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுப் பத்திரிகைகளில் விமர்சனம் எழுதுகிறவனை இம்மாதிரிக் காரியங்களுக்குக் கூப்பிடுவார்கள். ஒரு சால்வையோடு செலவு முடிந்துவிடும்.

பேச்சுக்கு முன் காட்சிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏர், பரம்பு, இறைகூடை, உலக்கை என்று உழவுச் சாமான்கள் ஒரு மூலையில், கயிறு கட்டிய மேடையில் இருந்தன. நடுவில் ஒரு மரக்கால். பக்கத்தில் விளக்கச் சீட்டு: 'மரக்கால். தானியம் அளக்கும் அளவை. மரம், இரும்புப் பூண்.' அதன் கீழே, அன்பளிப்பாகக் கொடுத்த பண்ணைக் குடும்பத்தின் பெயர். எனக்கு மரக்கால் என்றதும் நினைவுக்கு வந்தது சிலப்பதிகாரத்துப் பதினோராடலில் மாயவள் ஆடிய மரக்கால் ஆடல். அது வேறு மரக்கால், காலில் கட்டி ஆடுவது. என் படிப்பின் லட்சணம் அப்படி.

ஓவியப் போட்டிக்குப் பேத்தியைக் கூட்டிவந்த ஒரு அம்மாள் அங்கே நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஆயுசு முழுக்க நடவும் அறுப்புமாய் இருந்தவர் என்பது பின்னர் பேச்சில் தெரிந்தது. மரக்காலையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது கூலி மரக்கா."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஆண்டை வூட்டுல ரெண்டு மரக்கா இருக்கும். நெல்லு வாங்கறப்ப ஒண்ணு, எங்களுக்குக் கூலி போடறப்ப ஒண்ணு. இது போடறது. உள்ள கைய வுட்டுப் பாரு, அடி மேடா இருக்கும். தக்க வச்சு அடிச்சிருப்பாங்க. எங்காத்தா காட்டியிருக்கு."

சொன்னவர் கயிற்றுக்கு மேல் கையை நீட்டினார். காவலாளி ஓடி வந்தார்: "பாட்டி, தொடாதீங்க, தொடாதீங்க." கை பின்வாங்கிவிட்டது.

நான் காப்பாட்சியரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். மரக்காலின் உயரம் எழுதியிருந்தது, வாய் விட்டம் எழுதியிருந்தது, நன்கொடையாளர் பெயரும் தேதியும் எழுதியிருந்தன. எவ்வளவு நெல் கொள்ளும் என்பது மட்டும் இல்லை. ஒரு அளவையைப் பற்றிய பதிவு, அதன் கொள்ளளவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்கிறது. "அளந்து பார்த்துடலாமே சார், ஒரு அடிக்கோல் இருந்தாப் போதுமே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அவங்க குடும்பத்துக்கு மனசு நோகும் சார். இன்னும் நிறையச் சாமான் தர்றதாச் சொல்லியிருக்காங்க" என்றார்.

திரும்பி வந்து அந்த அம்மாளிடம், நீங்கள் சொன்னதை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்க. என் பேரப் போட்டுடாத தம்பி. எம்மவன் அவங்க ரைஸ் மில்லுலதான் நிக்கிறான்."

அன்று மாலை நான் பாரம்பரியத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். மரக்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விழா அறிக்கையில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், யார் யார் சிறப்புரை ஆற்றினார்கள் என்பதெல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். விளக்கச் சீட்டு அப்படியே இருந்தது.

இந்தச் சின்னச் சம்பவத்திலிருந்துதான் இக்கட்டுரையின் கேள்வி வருகிறது. உள்ளூர் அருங்காட்சியகங்கள் மக்களுக்காக நடத்தும் விழா, போட்டி, நடைப்பயணம், பயிலரங்கு எல்லாம் எதற்காக? அவற்றின் வெற்றியை எதை வைத்து அளப்பது? வந்த தலைகளை எண்ணியா?

2

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குவோம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். கல்லையும் தாதுவையும் பார்க்க வருகிறவர்களைவிட, வளாகத்தில் கட்டிவைத்திருந்த உயிருள்ள விலங்குகளைப் பார்க்க வரும் கூட்டம் பெரிதாக இருப்பதைக் கண்டார். 1855இல் அங்கேயே ஒரு விலங்குக் காட்சி சாலையைத் தொடங்கினார். நம் பக்கத்து அருங்காட்சியகங்களில் மக்கள் தொடர்புப் பணியைத் தொடங்கிவைத்தது புலிதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பின்னர் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. சென்னை மக்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள். விலங்குகள் இருந்தது 'உயிர் காலேஜ்'. பாடம் செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் சிலைகளும் இருந்தது 'செத்த காலேஜ்'. காணும் பொங்கலுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

செத்த காலேஜ் என்ற பெயரை வெறும் கேலியாக நான் படிக்கவில்லை. அதில் ஒரு கறாரான விமர்சனம் இருக்கிறது. இங்கே வைக்கப்படுபவை அவற்றின் உறவுகளிலிருந்து அறுக்கப்பட்டவை என்பதை மக்கள் கண்டுகொண்டார்கள். 'அருங்காட்சியகம்' என்ற நம் சொல்லையும் பிரித்துப் பாருங்கள். அரிய காட்சிகளின் அகம். எது அரியது என்று யார் தீர்மானிப்பது? தினசரி புழங்கிய ஒரு மரக்கால், புழக்கத்திலிருந்து போனபிறகே அரியதாகிறது. போகிற போக்கில் யார் கையில் புழங்கியது, யாருக்குக் குறைத்து அளந்தது என்பதையும் கழற்றிவிட்டுத்தான் மேடையேறுகிறது.

டோனி பென்னட் என்ற ஆய்வாளர் 1995இல் வெளிவந்த தம் நூலில் அருங்காட்சியகத்தின் பிறப்பை ஃபூக்கோவின் வழியில் ஆராய்ந்தார். சிறைச்சாலை உடலை மறைத்துவைத்துக் கண்காணித்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அருங்காட்சியகம் பொருள்களைத் திறந்துவைத்து மக்களைப் பார்வையாளராக்கியது. எப்படி நடக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்று கூட்டம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளக் கற்றது. அதிகாரம் இங்கே தண்டிப்பதில்லை, காட்டுகிறது. காட்டப்படுவதைப் பார்த்து, இதெல்லாம் நம்முடையது என்று பெருமைப்படும் ஒரு தன்னிலையை உற்பத்தி செய்கிறது. 'தொடாதீங்க பாட்டி' என்பது ஒரு காவலாளியின் குரல் மட்டுமல்ல. அதற்கு நூற்றைம்பது வருஷ வயது.

இப்படிச் சொல்வதால் அருங்காட்சியகத் துறைக்குள்ளேயே இதை யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 1972இல் சிலி நாட்டின் சான்டியாகோவில் கூடிய வட்டமேசைக் கூட்டம், அருங்காட்சியகம் சமூகத்துக்குப் பணிசெய்ய வேண்டும் என்று லத்தீன் அமெரிக்க நிலைமைகளிலிருந்து பேசியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில் பிராகாவில் சர்வதேச அருங்காட்சியக மன்றம் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையில் 'சமூகங்களின் பங்கேற்பு' என்பதும் சேர்ந்துவிட்டது. சரி, பங்கேற்பு என்றால் என்ன? ஓவியப் போட்டியில் கலந்துகொள்வதும் பங்கேற்புதான், விளக்கச் சீட்டை மாற்றி எழுதுவதும் பங்கேற்புதான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தச் சொல் மூடிவிடுகிறது. இந்தத் தூரத்தைக் கடக்க முயன்ற இரண்டு இடங்களைப் பற்றிப் பார்ப்போம்.

3

முதலாவது அமெரிக்காவில். வாஷிங்டன் நகரின் நடுவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆற்றுக்கு அப்பால் அனகோஸ்டியா, கறுப்பின மக்கள் வாழும் பகுதி. அங்கிருந்து யாரும் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை என்பதால், அவர்கள் இருக்குமிடத்திலேயே ஒரு கிளை வைக்கலாம் என்று நிறுவனத்தார் நினைத்தார்கள். 1967 செப்டம்பரில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையில் அனகோஸ்டியா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் ஜான் கினார்ட், இளம் பாதிரியார், கறுப்பினத்தவர்.

மையத்திலிருந்து விளிம்புக்குக் கொஞ்சம் பண்பாட்டை அனுப்பிவைப்பது என்பதுதான் தொடக்க எண்ணம். வழக்கமான சங்கதி. ஆனால் வந்து போகும் சிறுவர்கள் பேசிய பேச்சு வேறாக இருந்தது. அவர்கள் வீட்டு எலிகளைப் பற்றிப் பேசினார்கள். 1969இல் அங்கே எலிகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்பட்டது. உயிருள்ள எலிகளே இருந்தன. எலி எங்கிருந்து வருகிறது, எந்த நோயைக் கொண்டுவருகிறது, குப்பை அள்ளாத நகராட்சிக்கும் பராமரிக்காத வீட்டுக்காரருக்கும் இதில் என்ன பங்கு என்பதெல்லாம் பேசுபொருளாயின.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலி அரிய காட்சி அல்ல. அந்தத் தெருவில் அதைவிட மலிவான காட்சி கிடையாது. அருங்காட்சியகம் எதைக் காட்ட வேண்டும் என்ற தீர்மானம் இடம் மாறியதால்தான் எலி உள்ளே வந்தது. கூட்டத்தை வரவழைக்கப் பால்ஃபருக்குப் புலி தேவைப்பட்டது. கினார்ட் எலியை வைத்தார். புலியைப் பார்த்தவர்கள் வியந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எலியைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டைப் பற்றியே கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

4

இரண்டாவது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில். நான் அங்கே போனதில்லை. படித்தும் படங்களில் பார்த்தும் தெரிந்துகொண்டதையே சொல்கிறேன்.

கேப்டவுன் துறைமுகத்துக்கும் மலைக்கும் இடையில் இருந்த குடியிருப்பு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். நகராட்சியின் ஆறாவது வட்டம் என்று 1867இல் வந்த பெயர். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், கைவினைஞர், துறைமுகத் தொழிலாளர், சிறுவணிகர், வெளிநாட்டிலிருந்து குடியேறியோர் என்று பலரும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 1950இல் நிறவெறி அரசு குழுப் பகுதிச் சட்டம் கொண்டுவந்தது. எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்பதை அரசே வரையறுக்கும் சட்டம் அது. 1966 பிப்ரவரி 11 அன்று டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையருக்கான பகுதி என்று அறிவிக்கப்பட்டது. 1982க்குள் 60,000 பேருக்கு மேல் நகருக்கு வெளியே, கேப் ஃப்ளாட்ஸ் என்ற மணல்வெளிக்குத் துரத்தப்பட்டார்கள். வீடுகளைப் புல்டோசர் இடித்தது. கோயில்களும் மசூதிகளும் மட்டும் நின்றன. தெருக்களே இல்லாமல் போயின. அந்த நிலத்தின் பெரும்பகுதி பல்லாண்டுகள் வெறும் புல்தரையாகக் கிடந்தது.

1980களின் பிற்பகுதியில், அந்த நிலத்தில் புதுக் கட்டுமானம் வரப்போகிறது என்றபோது, 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மேல் கை வைக்காதே' என்று ஒரு இயக்கம் எழுந்தது. அதன் 1988ஆம் ஆண்டு மாநாட்டில்தான் ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. வரிசையைப் பாருங்கள். முதலில் போராட்டம். அதற்குப் பிறகு, அதன் தேவைக்காக, அருங்காட்சியகம். நம் ஊரில் முதலில் கட்டடம், அப்புறம் அதற்குள் மக்களை வரவழைக்கத் திட்டம்.

1994 டிசம்பரில், ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில், 'தெருக்கள்' என்ற தலைப்பில் முதல் கண்காட்சி திறந்தது. சில வாரங்கள் நடத்தலாம் என்றுதான் நினைத்தார்கள். மக்கள் வந்துகொண்டே இருந்ததால் எடுக்க முடியாமல் போயிற்று. அப்படி என்ன இருந்தது அங்கே? இடிப்பு வேலையை மேற்பார்த்த ஒருவர், தெருப்பெயர்ப் பலகைகளைத் தூக்கி எறியாமல் பல ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தார். அவை மேலிருந்து தொங்கின. தரையில், அழிக்கப்பட்ட பகுதியின் பெரிய வரைபடம் விரித்திருந்தது. பழைய குடியிருப்பாளர்கள் மண்டியிட்டு உட்கார்ந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே தங்கள் பெயரை எழுதினார்கள். இன்னொரு பக்கம் நீளமான துணி. வருகிறவர்கள் அதில் தம் நினைவை, முகவரியை, வாழ்த்தை, வசவைப் பேனாவால் எழுதலாம். எழுதியதைப் பின்னர் நூலால் தைத்துவிடுவார்கள். ஒரு துணி நிரம்பினால் இன்னொரு துணி.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். அருங்காட்சியகத்தில் எதையும் தொடக் கூடாது, எதிலும் எழுதக் கூடாது. அதுதான் முதல் விதி. இங்கே வந்தவர் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். கொடுத்தது வருகைப் பதிவேட்டில் 'நன்று' என்று எழுத அல்ல. காட்சிப் பொருளின் மேலேயே எழுத. எழுதியவுடன் அவரும் காட்சியின் ஆசிரியர்களில் ஒருவராகிவிடுகிறார். வழிகாட்டிகளாக இருந்து கதை சொன்னவர்களும் பழைய குடியிருப்பாளர்கள்தான்.

இதில் இன்னொரு பரிமாணம் உண்டு. தரை வரைபடத்தில் எழுதிய பெயர் வெறும் நினைவு அல்ல, அது ஒரு உரிமைக் கோரிக்கையும்கூட. 1994இல் வந்த நில மீட்பு உரிமைச் சட்டத்தின்படி, பறிக்கப்பட்ட நிலத்துக்கு 1998 டிசம்பர் 31க்குள் மனுக்கொடுக்க வேண்டும். மனு எழுதுவது பற்றிய கூட்டங்களும் தெருவாரியாகப் பழைய அண்டை வீட்டார் கூடியதும் இந்தக் கட்டடத்தைச் சுற்றித்தான். 1997இல் நில உரிமை நீதிமன்றமே ஒரு முறை அந்த அருங்காட்சியகத்தில் கூடியது. ஒவ்வொரு பிப்ரவரி 11 அன்றும் பழைய குடியிருப்பாளர்கள் வெற்று நிலம் வரை நடந்துபோய் ஆளுக்கொரு கல்லை வைத்துக் குவிக்கிறார்கள். 2004இல் அதே பிப்ரவரி 11 அன்றுதான் எண்பது வயதைத் தாண்டிய இருவருக்கு, திரும்பக் கட்டிய முதல் வீடுகளின் சாவிகளை நெல்சன் மண்டேலா கொடுத்தார்.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. வீடுகள் எழும்பிய வேகம் போதவில்லை. காத்திருந்தவர்கள் பலர் செத்துப்போனார்கள். 2018இல் பழைய குடியிருப்பாளர் குழு ஒன்று பொறுப்பான அமைச்சரை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. அருங்காட்சியகம் நிலத்துக்கு மாற்று ஆகிவிடாது. நினைவைக் கொடுத்து நிலத்தை மறக்கச் சொல்லும் தந்திரமாகவும் அது மாறக்கூடும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் இந்த ஆபத்து ஓரளவு தடுக்கப்பட்டதென்றால், நினைவுக்கும் நிலத்துக்கும் இருந்த முடிச்சை அவர்கள் அவிழ்க்க விடவில்லை என்பதுதான் காரணம்.

5

நண்பர்கள் சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். 'ஆளாளுக்கு எழுதினால் அது வரலாறா? நினைவு பொய் சொல்லாதா? தொல்லியலும் கல்வெட்டும் படித்த நிபுணன் எதற்கு?'

நினைவு பொய் சொல்லும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலேயே இதற்கு உதாரணம் உண்டு. எல்லா மதமும் எல்லா இனமும் ஒரு தாய் மக்களாக வாழ்ந்தோம் என்பது பழைய குடியிருப்பாளர் பலரும் சொல்லும் கதை. ஆனால் 1966க்கு வெகுமுன்பே, 1901இல் பிளேக் வந்தபோது, அங்கிருந்த கறுப்பின ஆப்பிரிக்கர்களை நகருக்கு வெளியே கட்டாயமாகக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். பிற்காலத்து ஒற்றுமைக் கதையில் இந்த முதல் வெளியேற்றம் மங்கிப்போகிறது. இதைச் சுட்டிக்காட்டியவர்கள் வரலாற்றாய்வாளர்கள். அருங்காட்சியகத்தோடு இணைந்து வேலை செய்த சிராஜ் ரஸூல் போன்றவர்கள், சமூகம் என்பது ஏற்கெனவே முழுதாக இருந்து அருங்காட்சியகத்துக்கு வருவதில்லை, இந்த வேலைக்குள்தான் உருவாகிறது, அதற்குள்ளும் சச்சரவு இருக்கிறது என்பதை வலியுறுத்தினார்கள்.

ஆக, பேனாவை மக்களிடம் கொடுப்பது என்றால் நிபுணன் தன் பேனாவை எறிந்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. இரண்டு பேனாக்களும் ஒரே துணியில் எழுத வேண்டும். ஒன்று எழுதியதை மற்றது அழிக்கக் கூடாது, கேள்வி கேட்கலாம்.

மரக்காலுக்குத் திரும்புகிறேன். அந்த அம்மாள் சொன்னது வெறும் உணர்ச்சி அல்ல. சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று. வெளி உயரத்தையும் உள் ஆழத்தையும் அளந்தால் அடிப்பலகையின் கனம் தெரிந்துவிடும். நெல்லை ஊற்றி அளந்தால் எத்தனை படி குறைகிறது என்று தெரிந்துவிடும். அவர் சொன்னது தப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் அதையும் எழுதலாம். சோதனைக்கு அஞ்சியது அவரது நினைவு அல்ல, நம் நிறுவனம்தான். நிபுணத்துவத்தின் பெயரால் மறுக்கப்பட்டது நிபுணத்துவமே.

ஏட்டு வரலாறும் அவர் பக்கம்தான் நிற்கிறது. 1940களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் முதலியோர் பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் திரட்டிச் சங்கம் கட்டியபோது எழுந்த கோரிக்கைகளில், சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பதோடு, முத்திரை மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. அரசு முத்திரை குத்திய மரக்கால் வேண்டும் என்று ஏன் கேட்டார்கள்? கள்ள மரக்கால் இருந்தது, அதனால் கேட்டார்கள். ஒரு போராட்டத்தின் சாட்சியம் அந்த மேடையில் உட்கார்ந்திருக்கலாம். 'தானியம் அளக்கும் அளவை' என்ற மூன்று வார்த்தைக்குள்—அளவையும் இல்லை, யார் யாருக்கு அளந்தார் என்பதும் இல்லை—அது புதைந்து கிடக்கிறது. சீட்டில் நன்கொடையாளர் பெயருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மரக்காலால் அளக்கப்பட்டவருக்கு இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. இது ஒரு தனிமனிதக் காப்பாட்சியரின் குற்றம் அன்று. அருங்காட்சியகப் பொருள் என்பது உடைமையாளரின் வழியாகவே உள்ளே வருகிறது. உடைமை இல்லாதவர் எதை அன்பளிப்பாகத் தருவார்? அவரிடம் இருப்பது பேச்சு மட்டும். பேச்சை வாங்கிவைக்கப் பதிவேட்டில் பத்தி இல்லை.

மக்களுக்கான நிகழ்வு என்பது, என் பார்வையில், இந்தப் பத்தியைத் திறப்பதற்கான சந்தர்ப்பம். அது திறக்கவில்லையென்றால் மோர் குடித்துவிட்டுப் போகலாம்.

6

நம் காலத்து உதாரணம் ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. கீழடி. 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறையின் அறிக்கை வெளிவந்தபின், வெயிலில் குழிகளைப் பார்க்க வேன் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். யாரும் துண்டறிக்கை கொடுத்துக் கூப்பிடவில்லை. அப்போது அங்கே அருங்காட்சியகமே கிடையாது. அது 2023 மார்ச் 5 அன்றுதான் திறக்கப்பட்டது. தனக்கு இதில் என்னவோ பணயம் இருக்கிறது என்று பட்டால் ஜனங்கள் தாமாகவே வருவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் வந்தவர்களைப் பெருமைப்படும் பார்வையாளர்களாக மட்டும் வைத்திருப்பதா, தோப்பைத் தோண்டக் கொடுத்த விவசாயிக்கும் குழியில் மண் அள்ளிய பெண்ணுக்கும் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதா? இந்தக் கேள்வி அங்கும் பொருந்தும். கீழடிப் பானை ஓடுகளில் குவிரன், ஆதன் என்றெல்லாம் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தன் பானையில் தன் பெயரைக் கீறிக்கொண்டார். அதைப் போற்றுகிற நாம், இன்றைக்கு ஒரு கிழவி விளக்கச் சீட்டில் ஒரு வரி சேர்க்க வழியில்லாமல் வைத்திருக்கிறோம்.

பெரிய பணம் வேண்டியதில்லை. உள்ளூர் அருங்காட்சியகம் ஒன்றில் நாளைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள், ஓவியப் போட்டிக்குப் பதிலாகவோ அதோடு கூடவோ, ஒரே ஒரு பொருளை மேடையிலிருந்து இறக்கி நடுவில் வையுங்கள். அந்தப் பொருளைப் பயன்படுத்தியவர்கள், செய்தவர்கள், அதனால் அடிபட்டவர்கள் ஆகியோரைத் தெருத்தெருவாகப் போய் அழையுங்கள். சேரிக்கும் போங்கள், அழைப்பிதழை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவிட்டு வந்துவிட வேண்டாம். தொட்டுப் பார்க்க விடுங்கள். சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். சோதிக்கக்கூடியதைச் சோதியுங்கள். பதிவேட்டில் தேதி போட்டு ஏற்றுங்கள்.

பெயர் போடுவதில் மட்டும் கவனம் வேண்டும். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பெயரை எழுதுவதே உரிமை. நம் கிராமத்தில் பெயரை எழுதுவது சில சமயம் பிள்ளையின் வேலைக்கு உலை வைக்கும். ஆண்டை வீடு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. ஆகவே பெயரில்லாத சாட்சியத்துக்கும் பதிவேட்டில் முழு மதிப்பு இருக்க வேண்டும். 'அறுவடைக்குப் போன ஒரு பெண் சொன்னது' என்று எழுதினால் போதும், சொன்னது நிற்கும். வேறு நாட்டு அனுபவத்தை அப்படியே பெயர்த்து நடமுடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கடைசியில் ஒரே ஒரு சோதனை. விழா முடிந்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள். விளக்கச் சீட்டில் ஒரு எழுத்தாவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் மக்கள் வந்திருக்கிறார்கள். மாறவில்லையென்றால் கூட்டம் வந்திருக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு மேடையில் நாற்பது நிமிடம் இருந்தும் வாயைத் திறக்காதவன் நான். காப்பாட்சியருக்கு நன்கொடையாளரைப் பற்றிய பயம், அந்த அம்மாளுக்கு மகன் வேலையைப் பற்றிய பயம். எனக்கு என்ன பயம்? அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்களோ என்பதாக இருக்கலாம். இதற்கு மேல் கௌரவமான காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூப்பிட்டார்கள். வரும் மே மாத விழாவுக்குக் கட்டுரைப் போட்டியின் நடுவராக வரமுடியுமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. வருகிறேன் என்று எழுதினேன். கூடவே ஒரு வேண்டுகோள்: அன்று காலை எல்லோர் முன்னிலையிலும் அந்த மரக்காலில் நெல்லை ஊற்றி அளந்து, அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நெல் நான் கொண்டுவருகிறேன், முத்திரை குத்திய படியும் நான் கொண்டுவருகிறேன். நெல்லை ஊற்ற வேண்டியது ஓர் அம்மாள், அவர் பேரைக் கேட்கக் கூடாது. இவ்வளவுதான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.